நாலு தடவை கிழிந்த பம்பு

எங்கள் மெக்கானிக் சங்கத்துக்காரர்கள் ஆண்டு மலர் போடுகிறார்களாம். என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லி ஒரு நோட்டும் பேனாவும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவன். அதிலும் கடைசிப் பாதி படிக்கவில்லை. ஆனால் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இந்தத் திருவண்ணாமலையில் என் கை படாத கார் ஏதாவது உண்டா என்று கேட்டால், ஓடாமல் ஷெட்டிலேயே நின்ற கார் ஒன்றிரண்டு இருக்கலாம் என்பேன். அதுவும் என்னிடம் கொண்டுவந்திருந்தால் ஓடியிருக்கும்.

சங்கச் செயலாளர் போன வாரம் ஒரு காரில் பெட்ரோல் பம்பு மாற்றிக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் பம்பை டேங்குக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். கெட்டால் அப்படியே உருவி எறிந்துவிட்டுப் புதுசு மாட்டுவதுதான் வேலை. "உங்க காலத்துல பம்பு போனா என்னா பண்ணுவீங்கண்ணே?" என்று கேட்டார். "திறந்து பாப்போம்" என்றேன். சொன்னபோது பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான், நாலு தடவை திறந்து பார்த்தும் எனக்குப் புரியாமல் போன ஒரு பம்பு ஞாபகம் வந்தது. சாதித்த கதைகள் என்னிடம் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. அவற்றை ஊரே சொல்லும். இதை நான்தான் சொல்ல வேண்டும்.

தொழில் கற்றது வேலூரில், கரீம் பாய் பட்டறையில், எட்டு வருஷம். முதலில் ஸ்பானர் துடைத்தேன், பிறகு ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன், பிறகு ஸ்பானர் பிடித்தேன். படிப்பு அவ்வளவுதான்.

பாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. சந்தோஷமாக இருந்தால் 'டா' போடுவார். கோபம் வந்தால் மரியாதை வந்துவிடும். "மலை சார், கொஞ்சம் வர்றீங்களா?" என்று அவர் கூப்பிட்டால் செய்த வேலையை மனசுக்குள் ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டே போவேன். ஏழுமலை என்ற என் பெயரில் ஆறு மலையைக் குறைத்துத்தான் கூப்பிடுவார்.

வேலைக்கு உட்காருமுன் ஒரு வெள்ளைத் துணியை விரிக்கச் சொல்வார். துவைத்த பழைய வேட்டித் துணி. முதலில் கழற்றிய போல்ட்டை இடது ஓரத்தில் வைக்க வேண்டும். அடுத்து கழற்றியது அதற்கு வலது பக்கம். இப்படியே வரிசையாக. மாட்டும்போது வலது பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டே வர வேண்டும். வேலை முடிந்ததும் பாய் வந்து காரைப் பார்க்கமாட்டார், துணியைப் பார்ப்பார். துணி காலியாக இருந்தால் பேசாமல் போய்விடுவார். ஒரே ஒரு வாஷர் கிடந்தாலும் இரண்டு விரலால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, "மலை சார், இது யார் வீட்டுதுங்க?" என்பார். பிறகு முதலிலிருந்து எல்லாவற்றையும் கழற்ற வேண்டியதுதான்.

எழுபத்தேழோ எழுபத்தெட்டோ, சொந்த ஊருக்கு வந்து செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் போகிற வழியில் ஒரு கொட்டகை போட்டேன். எதிரே கோவிந்தனின் டீக்கடை. வந்தவர் உட்கார ஒரு மர நாற்காலி. பழைய சாமான் கடையில் வாங்கியது, அதில் ஒரு கால் குட்டை. வாசலில் ஒரு பெரிய மரப்பலகை. 'ஏழுமலை மோட்டார் ஒர்க்ஸ்' என்று ஒரு வரி. அதன் கீழே என்ன எழுதுவது என்று பலகை எழுதுகிறவர் கேட்டார்.

"பெட்ரோல் கார் ரிப்பேர்னு போட்டுடவா?"

"ரிப்பேரை எல்லாரும்தான் பண்றான். நிபுணர்னு போடுங்க."

'பெட்ரோல் கார் நிபுணர்' என்று போட்டார். பலகை மாட்டிய அன்றே வெள்ளைத் துணியை விட்டுவிட்டேன். நிபுணனுக்கு வரிசை மனசிலேயே இருக்காதா என்ன?

டாக்டர் சரோஜா அம்மாள் வந்தது அந்த வருஷம் சித்திரையில். பெரிய தெருவில் வைத்தியம் பார்த்து வந்தார், வீடு என் கடையைத் தாண்டிச் செங்கம் ரோட்டில். செவ்வாயும் வெள்ளியும் கீழ்பென்னாத்தூர் போய்ப் பார்ப்பார். பிரசவம் என்றால் கிழமை கிடையாது, ஆள் வந்து கூப்பிட்டால் கிளம்பிவிடுவார். பச்சை நிறத்தில் ஒரு சின்னக் கார். நாலு பேர் உட்காரலாம் என்பார்கள். டாக்டரம்மாவின் மருந்துப் பெட்டி ஏறிவிட்டால் இரண்டு பேர்தான். அவரே ஓட்டுவார். அந்தக் காலத்தில் அதைப் பார்ப்பதற்கே ரோட்டில் ஆள் நிற்கும்.

"மேடு ஏறும்போது இருமுது ஏழுமலை. ஆறு வருஷமா இப்படிப் பண்ணதே இல்ல" என்றார். நாற்காலியில் உட்கார்ந்ததும் அது ஒரு பக்கம் டக்கென்று சாய்ந்தது. "உன் நாற்காலியையும் கொஞ்சம் பாரேன்" என்றார்.

அந்தக் காலத்துப் பம்பு உள்ளங்கை அளவுதான் இருக்கும். எஞ்சின் பக்கவாட்டில் இரண்டு போல்ட்டில் நிற்கும். அதிலிருந்து ஒரு லீவர் எஞ்சினுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். எஞ்சின் சுற்றச் சுற்ற அந்த லீவரைத் தட்டும். லீவர் உள்ளே இருக்கிற ஒரு ஜவ்வை இழுத்து இழுத்து விடும். டயாப்ரம் என்போம். அந்த ஜவ்வு இழுக்கிற இழுப்பில்தான் டேங்கிலிருந்து பெட்ரோல் வரும். ஜவ்வு கிழிந்தால் கார் நின்றது.

நான் செய்த வேலையைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். பம்பின் மேல் பாதியும் கீழ்ப் பாதியும் சேருகிற இடத்தில் அரத்தால் ஒரு கோடு போட்டேன், திரும்பச் சேர்க்கும்போது தடம் மாறாமல் இருக்க. ஆறு ஸ்குருவையும் எடுத்தேன். டயாப்ரம் வயசாகி விறைத்திருந்தது. புதுசை பெட்ரோலில் ஊறவைத்துப் போட்டேன். ஸ்குருவை விரலால் மட்டும் திருகி நிறுத்திவிட்டு, லீவரை முழுசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு எதிரெதிராக முடுக்கினேன். அழுத்திப் பிடிக்காமல் முடுக்கினால் ஜவ்வு விறைப்பாகவே உட்கார்ந்து சீக்கிரம் போய்விடும். கடைசியில் பெட்ரோல் வருகிற வாயில் நாக்கை வைத்து லீவரைத் தட்ட வேண்டும். நாக்கைப் பிடித்து இழுத்தால் பம்பு நல்ல பம்பு. என் நாக்கில் பெட்ரோல் ருசி போய் எத்தனையோ வருஷமானாலும் மோர் குடித்தால் இன்றைக்கும் ஒரு சந்தேகம் வரும்.

இதுவரைக்கும் கரீம் பாயே வந்தாலும் குற்றம் சொல்ல முடியாது. பிறகுதான் நிபுணன் வேலை செய்தேன். பம்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு கறுப்புக் கட்டை இருந்தது. பேக்லைட், பழைய ஸ்விட்ச் செய்கிற கெட்டிப் பிளாஸ்டிக். தீப்பெட்டி அகலம், அரை அங்குலத் தடிமன், நடுவில் லீவர் போக ஒரு ஓட்டை. இவ்வளவு தடியான கட்டையை எதற்கு வைத்தான் என்று பார்த்தேன். இதனால் பம்பு அரை அங்குலம் தள்ளி நிற்கிறது, லீவருக்குத் தட்டு குறைகிறது. எடுத்துவிட்டால் லீவர் ஜாஸ்தி தள்ளும், பெட்ரோல் ஜாஸ்தி வரும். கார் செய்த கம்பெனிக்காரனுக்குத் தோன்றாதது எனக்குத் தோன்றியதே என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. கட்டையை எடுத்துவிட்டு, மெல்லிய அட்டை பேக்கிங் மட்டும் வைத்து பம்பை மாட்டினேன்.

கார் பறந்தது. டாக்டரம்மா அடுத்த வாரம் அந்தப் பக்கம் போகும்போது நிறுத்தி, "கை ராசிக்காரன்யா நீ" என்று சொல்லிவிட்டுப் போனார். கோவிந்தன் கடையில் அந்தக் கட்டை கதையை ஒன்பது பேருக்குச் சொன்னேன்.

நாலாவது வாரம் டாக்டரம்மா வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தார்.

"நாற்காலி சரியாயிடுச்சே."

"நாம கை வெச்சா ஆடுமாங்க."

"கார்தான் சரியில்ல. எஞ்சின் எண்ணெய் அளவு ஏறியிருக்கு. நான் ஊத்தவே இல்ல."

கோவிந்தன் டீ கொண்டுவந்தவர் நின்றுவிட்டார். "தானா ஊறுதுங்களா? மலையடிவாரம் இல்லிங்களா, இருக்கும்."

எண்ணெயை முகர்ந்து பார்த்தேன். பெட்ரோல் வாடை. டயாப்ரம் கிழிந்து பெட்ரோல் எஞ்சினுக்குள் இறங்கியிருந்தது. டயாப்ரம் போலி என்று முடிவு கட்டினேன். வேலூருக்கே ஆள் அனுப்பி நல்லதாக வரவழைத்துப் போட்டேன்.

அது ஐந்து வாரம் வந்தது. இந்தத் தடவை பெட்ரோல் மேல் பழியைப் போட்டேன். மண்ணெண்ணெய் கலந்திருக்கிறது, அது ஜவ்வைத் தின்கிறது என்றேன். டாக்டரம்மா ஒரு பாட்டிலில் பெட்ரோலைப் பிடித்து வந்து என் எதிரில் வைத்தார். முகர்ந்தேன், விரலில் தேய்த்தேன், நாக்கில் வைத்தேன். சுத்தமான பெட்ரோல். "லேசா இருக்கிற மாதிரி இருக்குங்க" என்றேன். இன்னொரு டயாப்ரம் போட்டேன்.

மூன்றாவது தடவை ஆடி மாதம் கிழிந்தது. இப்போது சூட்டைப் பிடித்துக்கொண்டேன். பம்பைத் தொட்டால் கை பொசுங்குகிற சூடு. "வெயிலுங்க. பம்பு மேல ஈரத்துணியைப் போட்டு ஓட்டுங்க. காயக் காய நனைச்சு விடுங்க" என்று சொல்லி, இன்னொரு டயாப்ரமும் போட்டு அனுப்பினேன். அந்த அம்மாள் சொன்னதைச் செய்கிறவர். பையில் ஒரு பாட்டில் தண்ணீரும் துண்டும் வைத்துக்கொண்டு, ஊருக்கு ஊர் நிறுத்தி, பானெட்டைத் திறந்து துணியை நனைத்துப் போட்டிருக்கிறார். கீழ்பென்னாத்தூரில் ஒரு விவசாயி அதைப் பார்த்துவிட்டு, "காருக்குக் காய்ச்சலுங்களா டாக்டரம்மா? ஊசி போட்டுடலாமே" என்றாராம். இந்தப் பேச்சு டாக்டரம்மாவுக்கு முன்னாலேயே திருவண்ணாமலை வந்து சேர்ந்தது.

கோவிந்தன் விடுவாரா. "ஏம்பா நிபுணரு, இப்ப நீ டாக்டரா, அவுங்க மெக்கானிக்கா?" என்று பெஞ்சு நிறைய ஆள் இருக்கும்போது கேட்டார், டாக்டரம்மாவும் காரை நிறுத்தி நின்றிருந்தார். எனக்குத் தாங்கவில்லை. டாக்டரம்மா எதிரிலேயே எழுந்து நின்று சொன்னேன்: "இந்தத் தடவை நான் போட்ட பம்பு கார்த்திகை தீபத்துக்குள்ள போச்சுன்னா, பலகையைக் கழட்டி டாக்டரம்மா கையில குடுத்துட்டு வேலூருக்கே கூலிக்குப் போயிடறேன்."

பெஞ்சில் ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வேலூருக்குப் போவது என்றால் பாய் முன்னால் போய் நிற்பது. அவர் என்னை 'சார்' என்று கூப்பிடுவார், சாகிற வரைக்கும் கூப்பிடுவார்.

ஐப்பசியில் நல்ல மழை. வெயிலே இல்லை. துணியும் தேவையில்லை. தீபத்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது. ஒவ்வொரு நாளும் பச்சைக் கார் கடையைத் தாண்டிப் போகும்போது எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை அது போனது. திரும்பி வரவில்லை.

கீழ்பென்னாத்தூருக்கு இரண்டு மைல் முன்னால், ஒரு தலைப்பிரசவத்துக்குப் போகிற வழியில், கொட்டுகிற மழையில் நின்றிருக்கிறது. டாக்டரம்மா பின்னால் வந்த வேர்க்கடலை மாட்டு வண்டியில் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்து, மருந்துப் பெட்டியை மடியில் வைத்து, மாட்டை ஓட்டச் சொல்லிப் போய்ச் சேர்ந்திருக்கிறார். இவர் போய்க் கையைத் துடைத்த நிமிஷம் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் பிள்ளையும் நலம். இதைக் கேட்டபோது எனக்கு முதலில் நிம்மதி வந்தது. அப்புறம்தான் பலகை ஞாபகம் வந்தது. இந்த வரிசையில் வந்ததற்காக என்னை நானே இன்றைக்கும் மெச்சிக்கொள்கிறேன்.

மறுநாள் காலையில் காரைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். டாக்டரம்மா பின்னாலேயே ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். கோவிந்தன் கடையில் டீ குடிக்காதவர்கள் கூட வந்து நின்றார்கள். நான் ஸ்பானரை எடுத்துக்கொண்டு பலகைக்குப் போனேன்.

"அதை அப்புறம் கழட்டலாம். இங்க வா" என்றார். நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒருத்தி நாலு தடவை அதே வலின்னு வந்து, நாலு தடவையும் நான் அதே மாத்திரையைக் குடுத்தா என்னை என்னா சொல்லுவ?"

"பெரிய டாக்டர்னு சொல்லுவேங்க."

"போய்யா. உன்கிட்ட வர்றதுக்கு முன்னாடி இந்தப் பம்பு எத்தனை நாள் ஓடுச்சு?"

"ஆறு வருஷங்க."

"வந்த பிறகு?"

"அது வந்துங்க... வாரக் கணக்குதாங்க."

"மாட்டு டாக்டர்கிட்ட காட்டியிருக்கலாம்" என்றார் கோவிந்தன்.

"நீ சும்மா இருப்பா. ஏழுமலை, முதல் தடவை என்ன மாத்தின?"

"ஒண்ணும் மாத்தலைங்க."

"யோசிச்சுச் சொல்லு."

"மாத்தலைங்க, நல்லா பண்ணேன். நடுவுல தண்டமா ஒரு கட்டை இருந்தது. எடுத்துட்டேன்."

"எடுத்தா என்ன ஆகும்?"

இதைத்தான் ஒன்பது பேருக்குச் சொல்லியிருந்தேனே. வாய் தானாக ஓடியது. "பம்பு அரை அங்குலம் உள்ள போவுங்க. லீவரை எஞ்சின் ஜாஸ்தி தள்ளும். லீவர் ஜாஸ்தி தள்ளினா டயாப்ரம் ஜாஸ்தி இழுபடும். ஜாஸ்தி இழுபட்டா..."

"ஜாஸ்தி இழுபட்டா?"

"கிழியுங்க" என்று முடித்ததும் அதே வாய்தான்.

"எஞ்சின் சூடு?" என்று கேட்டார். "அந்தக் கட்டை இருந்தப்போ பம்பு இப்படிக் கொதிச்சுதா?"

பேக்லைட் சூட்டைக் கடத்தாது. ஸ்விட்ச் போர்டு பார்த்த எவனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆறு மாதமாகத் தெரியும்.

"கட்டை எங்க?"

தேடினோம். பழைய இரும்பு டிரம்மைக் கவிழ்த்தேன். கோவிந்தன் அலமாரியைத் துழாவினார். டீ குடிக்க வந்தவர்கள் வாசல் மண்ணைக் காலால் கிளறினார்கள். டாக்டரம்மா மட்டும் எழுந்திருக்காமல் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் நான் தரையில் படுத்து மேஜைக்கு அடியில் பார்த்தேன். அங்கே இல்லை. அப்படியே தலையைத் திருப்பினேன். டாக்டரம்மாவின் செருப்பு தெரிந்தது. பக்கத்தில் நாற்காலியின் பின்கால். காலுக்கு அடியில் கறுப்பாக ஒன்று.

அன்றைக்கு அவர் நாற்காலியைப் பாரு என்று சொல்லிவிட்டுப் போனாரே, சாயங்காலமே அதை முட்டுக் கொடுத்துச் சரி செய்தவன் நான்தான். எதையும் வீணாக்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது.

"டாக்டரம்மா, கொஞ்சம் எழுந்திருங்க."

"ஏன்?"

"நீங்கதாங்க அது மேல உக்காந்திருக்கீங்க."

"அப்ப தப்பு டாக்டரம்மா பேர்லதான்" என்றார் கோவிந்தன். டாக்டரம்மா சிரித்த சிரிப்பு, அவருக்கே புரையேறிவிட்டது.

கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் வெள்ளை வேட்டியை எடுத்து வந்து தரையில் விரித்தேன். அத்தனை பேர் பார்க்க, முதல் போல்ட்டைக் கழற்றி இடது ஓரத்தில் வைத்தேன். கிழிந்த டயாப்ரத்துக்குப் புதுசு போட்டு, கடைசியில் கட்டையைக் கழுவித் துடைத்து, எஞ்சினுக்கும் பம்புக்கும் நடுவில் அது இருக்க வேண்டிய வரிசையில் வைத்தேன். வலது பக்கத்திலிருந்து மாட்டிக்கொண்டே வந்தேன். துணி காலியானது. சாவியைத் திருப்பச் சொன்னேன். பச்சைக் கார் இருமாமல் எழுந்தது.

டாக்டரம்மா இறங்கி வந்து மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார். டக்கென்று சாய்ந்தது.

"இப்ப இது ஆடுதே ஏழுமலை."

நான் போய்ப் பலகையைக் கழற்றினேன். "அட, அது வேணாம்யா, நான் கேக்கலியே" என்றார். ரம்பத்தை எடுத்தேன். இரண்டாவது வரியில் கடைசிச் சொல்லை மட்டும் அறுத்தேன். பலகையும் அதே அரை அங்குலம். நாற்காலியின் காலுக்கு அடியில் கொடுத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது.

"அதை ஏன் அறுத்த?"

"இதுதாங்க கொஞ்சம் ஜாஸ்தியா இருந்தது" என்றேன். சொன்ன வாக்கை முழுசாகக் காப்பாற்றவில்லை, கால்வாசி காப்பாற்றினேன். டாக்டரம்மா அதுவே போதும் என்றார்.

மிச்சப் பலகையை மாட்டினேன். 'ஏழுமலை மோட்டார் ஒர்க்ஸ், பெட்ரோல் கார்' என்று நின்றது. கார் விற்கிற இடம் என்று நினைத்து விலை கேட்டு வந்தவர்கள் உண்டு. அந்தப் பம்பு எண்பதுகளின் நடுவில் டாக்டரம்மா காரை மாற்றும் வரைக்கும் ஓடியது. அத்தனை வருஷத்தில் ஒரே ஒரு தடவை டயாப்ரம் மாற்றினேன், அதுவும் வயசானதால். இப்படி உழைத்த பம்பை இந்த மாவட்டத்தில் வேறு எவனாவது மாட்டியிருந்தால் வந்து சொல்லட்டும்.

அடுத்த வருஷம், தங்கை மகள் நிக்காஹுக்குச் செங்கம் போகிற வழியில் கரீம் பாய் என் கடைக்கு வந்தார். தகவல் சொல்லாமல் வந்துவிட்டார். நான் ஒரு காருக்கு அடியில் இருந்தேன். அவர் காரைப் பார்க்கவில்லை. பக்கத்தில் விரித்திருந்த துணியைப் பார்த்தார். வாசலுக்குப் போய்ப் பலகையை அண்ணாந்து பார்த்தார், அதன் அறுபட்ட ஓரத்தை விரலால் தடவினார். திரும்பி வந்து நாற்காலியைச் சுற்றி நடந்தார். குனிந்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, காலுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த பலகைத் துண்டை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

'மலை சார்' வரப்போகிறது என்று காருக்கு அடியிலேயே படுத்திருந்தேன்.

பாய் நாற்காலியில் உட்கார்ந்தார். முன்னும் பின்னும் ஒரு தடவை அசைத்துப் பார்த்தார். அது அசையவில்லை.

"சரியான எடத்துலதான்டா வெச்சிருக்க" என்றார்.